சாலையில் நின்று சொன்ன தேதி

மறியலில் அமர்ந்திருக்கும் மக்களை எழுப்பி வீட்டுக்கு அனுப்புவது வருவாய்த் துறையில் எழுதப்படாத ஒரு வேலை. பணி விதிகளில் அதற்கென்று தனி அத்தியாயம் கிடையாது. ஆனாலும் ஒவ்வோர் அலுவலகத்திலும் அதற்கென ஒருவர் இருப்பார். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், விருத்தாசலம் பகுதியில் நான் வருவாய் ஆய்வாளராக, மக்கள் வாயில் ஆர்.ஐ.யாக, இருந்தபோது, எங்கள் அலுவலகத்தில் அந்த ஒருவன் நானாக இருந்தேன். அந்த வேலையை நன்றாகச் செய்கிறவன் என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயர் யாருடைய செலவில் வந்தது என்பதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன். அலுவலகம் எது என்று சொல்லப்போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் தெருவின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். தவறு அலுவலகத்தினுடையது அல்ல, என்னுடையது.

சென்ற மாதம், பணியில் இருக்கும் இளம் அலுவலர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கிறதாம். பொதுமக்களை அணுகும் முறை பற்றி நான் ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம்.

"இப்பல்லாம் நாங்க போய் நின்னா, வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே ஆளாளுக்குப் போனைத் தூக்கிப் பிடிச்சிக்கிறாங்க சார். நாம சொல்றத கேக்கறதுக்கு இல்ல, நாளைக்கு நம்மள மாட்டி வுடுறதுக்கு. உங்க காலத்துல நீங்க பேசினா கால் மணி நேரத்துல ரோடு கிளியர் ஆயிடுமாமே. அதை வந்து சொல்லிக் குடுங்க" என்றார்.

நான் பேச வரவில்லை என்றேன். உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "பேச மாட்டேன்னு இவரு வாயில இருந்து வர்றத இன்னிக்குத்தான் கேக்கறேன்" என்றார். அலுவலர் சிரித்துவிட்டு, மறுபடி கேட்டார். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அதுதான் இது.

நான் மேடையில் வளர்ந்தவன். கல்லூரி நாட்களில் இந்த மாவட்டத்தில் எந்தப் பேச்சுப் போட்டி நடந்தாலும் முதல் கோப்பை என் கைக்கு வரும் என்று நானே நம்பினேன். பெரும்பாலும் அப்படியே நடந்தது. எங்களுக்குப் பயிற்சி அளித்த ஆசிரியர் மூச்சை எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லில் குரலை இறக்குவது, கூட்டத்தில் எந்த முகத்தைப் பார்ப்பது என்று எல்லாம் கற்றுக் கொடுத்தார். கூட்டம் முழுவதையும் பார்க்காதே, ஒரே ஒரு முகத்தைப் பிடித்துக்கொள், அந்த முகம் அசைந்தால் கூட்டம் அசையும் என்பார். முடிவுரையில் ஓர் எண் இருக்க வேண்டும் என்பார். 'பல' என்று முடித்தால் காற்றோடு போய்விடும், 'ஏழு' என்று முடித்தால் கைதட்டல் விழும் என்பது அவர் கணக்கு. அது மேடையில் ஒருநாளும் பொய்த்ததில்லை. பிறகு தேர்வு எழுதினேன், இளநிலை உதவியாளர் ஆனேன், கோப்பு கட்டினேன், ஆய்வாளராக உயர்ந்தேன். அந்த ஆண்டுகளில் நினைவுகூரத்தக்க எதுவும் இல்லை. வாய் மட்டும் பசியோடு காத்திருந்தது.

எங்கள் வட்டாட்சியரை இங்கே சிங்காரவேலு என்று அழைக்கிறேன். குள்ளமான மனிதர். சட்டைப்பையில் எப்போதும் நான்காக மடித்த கார்பன் தாள் இருக்கும். அவருக்குப் பேச வராது. மூன்று வாக்கியம் தொடர்ந்து பேசினால் நான்காவதில் திக்கும். ஆனால் மறியல் என்று தகவல் வந்தால், அவர் செய்கிற ஒவ்வொன்றும் ஒரு வரிசையில் நடக்கும்.

ஜீப்பை நூறடி தள்ளியே நிறுத்தச் சொல்வார். எங்கள் ஓட்டுநர் ராயப்பனுக்கு ஹாரனில் கை போகக் கூடாது. நடந்து போய், அமர்ந்திருப்பவர்களின் முன்னால் நிற்க மாட்டார். அவர்கள் பக்கவாட்டில் போய் நிற்பார். கத்துகிறவர்களைக் கத்தவிடுவார். கத்தி முடித்ததும், தண்ணீர்ப் பிரச்சினை என்றால் முதலில் ஒரு டம்ளர் அந்தத் தண்ணீரையே கேட்டு வாங்கிக் குடிப்பார். முழுவதையும் குடிப்பார். அதற்குப் பிறகுதான் கேள்வி. எத்தனை நாளாக, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார். பதில்களைக் கேட்டுக்கொண்டே தொடையில் பலகையை வைத்து, கார்பன் தாளிட்டு, தம் கையாலேயே பேச்சுவார்த்தைக் குறிப்பை மூன்று படிகளாக எழுதுவார். எழுதியதை உரக்க வாசிப்பார். அந்த வாசிப்பு திக்கித் திக்கித்தான் நடக்கும். ஒரு படி மக்களுக்கு, ஒன்று கோப்புக்கு, மூன்றாவது அவர் சட்டைப்பைக்கு. திங்கட்கிழமை காலையில் அந்த மூன்றாம் படியை எடுத்து மேசைமேல் வைத்து, உரிய துறையைத் தொலைபேசியில் கூப்பிடுவார். வேலை முடிந்தால்தான் அந்தத் தாள் பையிலிருந்து வெளியேறும்.

ஒன்றை மட்டும் அவர் எழுதவும் மாட்டார், சொல்லவும் மாட்டார். தேதி. "நம்ம கையில இல்லாத வேலைக்கு நாம தேதி குடுக்கக் கூடாது" என்பார். குழாய் வேறு துறை, மின்சாரம் வேறு துறை, சாலை வேறு துறை. நாங்கள் எல்லாருக்கும் நடுவில் நிற்பவர்கள். முதலில் யாரிடம் போவோம் என்பதை மட்டும்தான் எங்களால் உறுதியாகச் சொல்ல முடியும். அதைத்தான் அவர் எழுதுவார்.

நல்லூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவர் இப்படி ஒரு மறியலை முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அருகில் நின்ற எனக்குக் கை கால் துறுதுறுத்தது. இதைக் கால் மணியில் முடிக்கலாமே என்று தோன்றியது. அடுத்த மாதம், பேருந்து நிறுத்தம் கேட்டு எங்கள் மாவட்டத்து மங்களூருக்குப் போகும் சாலையில் அமர்ந்தவர்களிடம், அவருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் நான் பேசினேன். முடித்ததும் மக்கள் எழுந்தார்கள். சிலர் கைதட்டினார்கள். ஜீப்பில் ஏறியதும் ராயப்பன் கைக்கடிகாரத்தைக் காட்டி, "பதினேழு நிமிஷம் சார்!" என்றார், பந்தயத்தில் ஜெயித்தவர் போல. அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு முறையும் நிமிடம் பார்ப்பார். நானும் அவர் சொல்வதற்காகக் காத்திருப்பேன்.

சிங்காரவேலு என்னைத் தடுக்கவில்லை. ஒருமுறை மட்டும், "நல்லா பேசறீங்க. அவங்க எழுந்துக்கிறது நீங்க சொன்னதுக்காகவா, சொன்ன விதத்துக்காகவான்னு ஒருநாள் பாருங்க" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

சூளையடித் தெருவுக்கு வருகிறேன்.

பீங்கான் தொழிற்கூடங்களில் வேலை செய்கிறவர்களின் தெரு அது. மின்கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் குமிழ்கள், ப்யூஸ் கட்டைகள், ஊறுகாய் ஜாடிகள், கொலுவுக்குப் போகிற பொம்மைகள் என்று பலவற்றைச் செய்கிற கூடங்கள். ஆண்கள் சூளையில் அடுக்குவார்கள், பெண்கள் பிசிறு தேய்ப்பார்கள், மாலையில் எல்லாருடைய முழங்கையும் வெள்ளையாக இருக்கும். தெருவின் மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டார் எரிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மண் குழைக்க வைத்திருக்கும் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்து வந்து, தெளியவைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். மனு மேல் மனு கொடுத்து ஓய்ந்து, ஒருநாள் காலை பெரிய சாலையில் குடங்களோடு அமர்ந்துவிட்டார்கள்.

அன்று வட்டாட்சியர் ஆய்வுக் கூட்டத்துக்காகக் கடலூர் போயிருந்தார். நான்தான் போனேன். எட்டே முக்கால் மணி. இருபுறமும் பேருந்துகள். சந்திப்பில் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் பெட்டிகளோடு இறங்கி நின்று மக்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மண் ஏற்றிய லாரி ஒன்றின் ஓட்டுநர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

"எந்த சார் வந்தா என்ன? போன மாசம் ஒரு சார், அதுக்கு முந்தி ஒரு சார். எல்லாருக்கும் சட்டை மட்டும்தான் வேற" என்றார் சூளையில் அடுக்கும் பழனிவேல். கூட்டம் சிரித்தது.

முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு பெண் சிரிக்கவில்லை. பெயர் அஞ்சலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். தெருவில் ஒரு சண்டை என்றால் இரு தரப்பும் அவர் வீட்டு வாசலுக்குத்தான் போவார்கள் என்பதைப் பிறகு அறிந்தேன். அவர் எழுந்து, எவர்சில்வர் டம்ளர் ஒன்றில் தண்ணீரை மொண்டு என்னிடம் நீட்டினார்.

"இதத்தான் சார் குடிக்கிறோம். பாருங்க."

அடியில் வெண்மை படிந்திருந்தது. வாங்கினேன். குடிக்கவில்லை. அதைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி பேசத் தொடங்கினேன். என் வாழ்நாளின் நல்ல பேச்சுகளில் அது ஒன்று என்று சொன்னால், அது பெருமைக்காகச் சொல்வதல்ல. பீங்கானில் ஊருக்கெல்லாம் பாத்திரம் செய்கிறவன் வீட்டுப் பாத்திரத்தில் நல்ல தண்ணீர் இல்லை என்றேன். லாரிக்காரரே ஹாரனை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஆசிரியர் சொன்னபடி ஒரே முகத்தைப் பிடித்துக்கொண்டேன். அது அஞ்சலையின் முகம். முடிவுரை நெருங்கியது. அதற்கு ஓர் எண் தேவைப்பட்டது.

"இன்றிலிருந்து பதினைந்தாம் நாள், இதே குழாயில், இதே குடத்தில் நல்ல தண்ணீர் விழும். விழவில்லையென்றால், இதே சாலையில் உங்களோடு நானும் உட்காருவேன். அக்கா, நீங்கள் என்னை நம்பி எழுந்தால் போதும்!"

பதினைந்து என்று ஏன் சொன்னேன்? பத்து என்பது சிறிதாகப் பட்டது. இருபது என்பது வாக்கியத்தில் உட்காரவில்லை. இதைவிட வேறு காரணம் இல்லை. மோட்டார் எங்கே வாங்குவார்கள், யார் ஒப்புதல் தர வேண்டும், மின் இணைப்பில் என்ன கோளாறு என்று எதுவும் எனக்குத் தெரியாது. தண்ணீர் எங்கள் துறையே அல்ல.

அஞ்சலை என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார். பழனிவேல், "இன்னாக்கா, அதுக்குள்ளயா?" என்றார். "பதினஞ்சி நாள்னு வாய தொறந்து சொல்றாருல்ல. இதுவரிக்கும் எவன் நாள் சொன்னான்? எழுந்திரு" என்றார் அஞ்சலை. தெரு எழுந்தது. கைதட்டினார்கள். டம்ளரைச் சாலையோரக் கல்லில் வைத்துவிட்டு, பலகையை எடுத்துக் குறிப்பு எழுதினேன்.

என் மிகப் பெரிய தவறு அங்கேதான் நடந்தது. மூன்று படிகளாகத்தான் எழுதினேன், சிங்காரவேலு எழுதுவது போலவே. 'உரிய துறையினருடன் பேசி விரைந்து நடவடிக்கை எடுக்கப்படும்.' தேதியை எழுதவில்லை. எழுதக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டேன். உரக்க வாசிக்கவும் இல்லை. மக்கள் ஏற்கெனவே கலைந்துகொண்டிருந்தார்கள். ஒரு படியை அஞ்சலையிடம் கொடுத்தேன். அவர் அதைப் பிரித்துப் பார்க்காமல் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். ராயப்பன், "பதினொண்ணு சார்! இது ரெக்கார்டு" என்றார்.

மாலையில் கடலூரிலிருந்து திரும்பிய சிங்காரவேலு குறிப்பை வாசித்தார்.

"தேதி ஏதாவது சொன்னீங்களா?"

"வாயாலதான் சார் சொன்னேன். எழுதல."

அவர் குறிப்பை மறுபடி மேலிருந்து வாசித்தார். பிறகு, "வாயால சொன்னதைத்தான் அவங்க வூட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க. பேப்பர நாமதான் எடுத்துட்டு வரோம்" என்றார். குறிப்பின் மூன்றாம் படியைத் தம் பைக்குள் வைக்கவில்லை. என்னிடம் நீட்டினார். "இது உங்க பையில இருக்கட்டும்."

நான் தொலைபேசியில் பேசினேன், இல்லையென்று சொல்லமாட்டேன். மோட்டார் வாங்க மேலிட ஒப்புதல் வர வேண்டும் என்றார்கள். ஒப்புதல் வந்தால் மின் இணைப்பைப் புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். பதினைந்து நாள் கழிந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமை அஞ்சலை அலுவலகத்துக்கு வந்தார். தாளை எங்கள் எழுத்தரிடம் நீட்டினார். எழுத்தர் நல்ல பிள்ளை. கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்துவிட்டு, "இதுல தேதியே இல்லியேம்மா" என்றார்.

"பதினஞ்சி நாள்னு சொன்னாரு சார். அதோ உக்காந்திருக்காரே, அவருதான்."

"சொல்லியிருப்பாரும்மா. பேப்பர்ல இல்லியே."

அஞ்சலை என்னைப் பார்த்தார். ஒரே முகத்தைப் பிடித்துக்கொள் என்று கற்றவன், அன்று அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் கோப்பைப் புரட்டினேன். "நடந்துக்கிட்டு இருக்குதுக்கா, ஆயிடும்" என்றேன். அடுத்த திங்களும் வந்தார். அதற்கடுத்த திங்களும் வந்தார்.

நான்காவது முறை வந்தபோது அவர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. என் மேசைக்கு எதிரே நின்று, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

அந்த இடைவெளியில் அவருடைய மருமகளுக்கு அங்கன்வாடியில் உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. ஓராண்டுக்கு முன்பே விண்ணப்பித்து, நேர்காணலுக்குப் போய், முறையாகக் கிடைத்த வேலை. ஆனால் ஆணை வந்த நேரம் அப்படி. எழுந்திரு என்று முதலில் எழுந்தவள் வீட்டுக்கு அரசாங்க வேலை, மற்றவர்களுக்கு மண் தண்ணீர் என்று தெரு கணக்குப் போட்டுக்கொண்டது.

"ஆர்.ஐ. சாரு எனக்குச் சொல்லி வெச்சிதான் நான் எழுந்தேனாம். அதுக்குத்தான் வேலையாம். மூஞ்சிக்கு நேரா கேக்கறாங்க சார். முந்தா நேத்து எம் பொண்ணுக்கு வளைகாப்பு. தெருவுல ஒரு வூடு வுடாம சொன்னேன். ஒரு ஆளு வரல. வாங்கி வெச்ச வளையலு பொட்டியோட அப்படியே இருக்குது. பொண்ணு கை நெறைய நானே போட்டு வுட்டேன்."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"நீங்க ஒண்ணும் பெருசா செய்ய வேணாம். தெருவுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. தேதி நீங்களாதான் சொன்னீங்க, நான் கேக்கல, எனக்கும் உங்களுக்கும் ஒண்ணும் இல்லன்னு. அது போதும். தண்ணி வர்றப்ப வரட்டும்."

"வரேன்க்கா" என்றேன்.

போகவில்லை. இன்று போகலாம், நாளை போகலாம் என்று இரண்டு வாரம் போயிற்று. காரணங்கள் சொல்ல முடியும். வாக்காளர் பட்டியல் வேலை இருந்தது, ஜீப் பழுதாகியிருந்தது. உண்மையான காரணம் வேறு. எனக்குக் கைதட்டிய ஒரு கூட்டத்தின் முன்னால் போய், நான் சொன்னது தவறு என்று சொல்வதற்கு எனக்குப் பயிற்சி இல்லை. மேடை எனக்கு எல்லாவற்றையும் கற்றுக் கொடுத்தது. அதை மட்டும் கற்றுக் கொடுக்கவில்லை.

பிறகு இரண்டாம் மறியல் வந்தது. இம்முறை வட்டாட்சியரும் வந்தார். ஜீப்பில் போகும்போது சிங்காரவேலு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"இன்னிக்கு நீங்க பேச வேணாம். நீங்க செஞ்சத மட்டும் சொல்லுங்க. தேதி சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்ல. சொன்னது உங்க தப்பு. அந்தம்மா எதுவும் வாங்கல. மூணு வரி. மூணே வரி போதும்."

"சரி சார்" என்றேன். மூன்று வரிகளையும் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். முடியும் என்றுதான் நினைத்தேன்.

ஜீப் நூறடி தள்ளி நின்றது. நடந்து போனோம். கூட்டம் இம்முறை கத்தவில்லை. அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது. சாலையின் நடுவே வட்டமாக அமர்ந்திருந்தார்கள். வட்டத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே ஒரு கோணிச் சாக்கு விரிக்கப்பட்டிருந்தது.

பழனிவேல் எழுந்து கும்பிட்டார். "வாங்க சார். கூட உக்காருவேன்னு சொன்னீங்களே. உங்களுக்குன்னே எடம் போட்டு வெச்சிருக்கோம். வெறும் தரையில உக்கார வெச்சா மரியாதை இல்லன்னு சாக்கு வேற."

யாரும் சிரிக்கவில்லை. அஞ்சலை வட்டத்தில் இல்லை. தெரு முனையில், தம் வீட்டு வாசலில் நின்றிருந்தார். அவரைச் சுற்றி யாரும் இல்லை.

நான் சாக்கைப் பார்த்தேன். அரசு ஊழியன் மறியலில் உட்காரக் கூடாது என்ற விதி நினைவுக்கு வந்தது. விதிகள் எப்போதும் நமக்கு வேண்டிய நேரத்தில்தான் நினைவுக்கு வருகின்றன. நின்றபடியே வாயைத் திறந்தேன். மூன்று வரிகளில் முதல் வரியைத் தொடங்கினேன். அது முடிவதற்குள் குரல் தானாகவே ஏறியது. 'தாய்மார்களே' என்று வந்துவிட்டது. அதன் பிறகு நான் நிற்கவில்லை. அஞ்சலையைப் பற்றிப் பேசினேன். அப்பழுக்கற்றவர் என்றேன், தெருவின் தாகத்தைத் தன் தாகமாகச் சுமந்தவர் என்றேன், அவரைச் சந்தேகிக்கிற நாவு தன்னையே சந்தேகிக்கட்டும் என்றேன். இருபது நிமிடம். தேதி சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, சொன்னது என் தவறு என்ற இரண்டும் அந்த இருபது நிமிடத்தில் எங்கும் இல்லை.

இம்முறை யாரும் கைதட்டவில்லை. பிறகு பழனிவேல் பக்கத்திலிருந்தவரிடம், எனக்குக் கேட்கும்படியே சொன்னார்.

"பாத்தியா, எப்படித் தாங்குறாரு! ஒண்ணும் இல்லாமயா ஒரு ஆபீசரு இவ்ளோ நேரம் தாங்கிப் பேசுவாரு?"

பலர் தலையாட்டினார்கள். அதுவரை ஊகமாக இருந்ததை என் பேச்சு உறுதிசெய்துவிட்டது. எங்கள் வாயிலிருந்து வருகிற நற்சான்றிதழ் ஒருவரைக் காப்பாற்றும் காலம் போய்விட்டிருந்தது. எங்களால் பாராட்டப்படுவதே குற்றத்துக்குச் சாட்சியாகும் காலம் வந்திருந்தது. அதை அறியாமல் நான் என் முழுத் திறமையையும் செலவழித்திருந்தேன். தெரு முனையில் கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது. பெரிய ஓசை இல்லை.

சிங்காரவேலு அப்போது ஒன்று செய்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வட்டத்துக்குள் போய், அந்தச் சாக்கில் உட்கார்ந்தார். "கு... குடிக்கத் தண்ணி குடுங்க" என்றார்.

பழனிவேல் மரியாதையாகத்தான் சொன்னார்: "நீங்க எழுந்திருங்க சார். நீங்க ஒண்ணும் சொல்லலியே, நீங்க எதுக்கு உக்கார்றீங்க? சொன்னவரு அதோ நிக்கிறாரு."

யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. வட்டாட்சியர் பலகையை எடுத்தபோது, "எழுத வேணாம் சார், எங்ககிட்ட ஏற்கெனவே ஒரு பேப்பரு இருக்குது" என்றார் ஒரு பெண். அன்று அவர்களை எழுப்பியது எங்கள் பேச்சும் இல்லை, தாளும் இல்லை. நண்பகலுக்குப் பிறகு காவல் வேன் வந்தது. எழுப்பி ஏற்றினார்கள். ராயப்பன் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பார்த்த மறியல்களில் மக்கள் எங்களிடம் எதையும் கேட்பது குறைந்துகொண்டே போனது. முன்பு அலுவலர் வர வேண்டும் என்றார்கள். பிறகு கையெழுத்து வேண்டும் என்றார்கள். பிறகு மாவட்ட ஆட்சியரே வர வேண்டும் என்றார்கள். பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் வந்தால் போதும் என்றார்கள். கடைசியில் கோரிக்கையே சொல்லாமல், கோபத்தைக் காட்டிவிட்டு எழுந்து போகிறவர்களையும் பார்த்தேன். ஊரில் ஒருவருக்கு நல்லது நடந்தால் அவர் யாரைப் பிடித்தார் என்று கேட்பதே முதல் கேள்வியாயிற்று. இதற்கெல்லாம் பெரிய காரணங்களை அறிஞர்கள் சொல்லக்கூடும். என் வரம்புக்குள் நான் அறிந்த காரணம் மிகச் சிறியது. பதினைந்து என்ற ஓர் எண்.

சூளையடித் தெருவுக்கு மோட்டார் வந்தது, ஏழு மாதம் கழித்து. சிங்காரவேலு மாற்றலாகிப் போவதற்கு முந்தைய வாரம். அவர் போகும்போது என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கார்பன் தாளை மட்டும் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். குழாய் திறந்த அன்று நான் போயிருந்தேன். குடங்கள் வரிசையில் இருந்தன. யாரும் என்னைத் திட்டவில்லை, யாரும் என்னிடம் பேசவும் இல்லை. அந்த வரிசையில் அஞ்சலையின் குடம் இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு மங்களூர் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டதாக ஒரு பெண் சொன்னார். மருமகளும் அங்கன்வாடி வேலையை விட்டுவிட்டாளாம்.

பல ஆண்டுகள் கழித்து, நான் ஓய்வுபெறுவதற்குச் சிறிது முன்பு, விருத்தாசலம் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். பழமலைநாதர் கோயிலுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார் போலும், நெற்றியில் திருநீறு. தலை நரைத்திருந்தது. என்னை அவர்தான் முதலில் அடையாளம் கண்டார்.

"ஆர்.ஐ. சாரு தானே?"

"ஆமாங்க்கா."

பேத்தி பத்தாவது படிக்கிறாள் என்றார். வளைகாப்பு அன்று வயிற்றில் இருந்தவள்தான். நான் இத்தனை ஆண்டு சுமந்ததைச் சொல்லிவிட முனைந்தேன். "அக்கா, அன்னிக்கு நான்..." என்று தொடங்கினேன். மறுபடியும் தொண்டையில் மேடைக் குரல் ஏறுவதை உணர்ந்து நிறுத்திக்கொண்டேன்.

அவர் பக்கத்திலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் இடம் விட்டார்.

"உக்காருங்க சார்."

உட்கார்ந்தேன். அவர் எதிரே நிற்கும் பேருந்துகளின் ஊர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் பேசுனீங்க ரெண்டு தடவையும்" என்றார். "உக்காந்திருக்கலாம்."

அவர் குரலில் கோபம் இல்லை. மங்களூர் பேருந்து வந்தது. "போயிட்டு வரேன் சார்" என்று சொல்லி ஏறிப் போனார். நான் சொல்ல வேண்டிய மூன்று வரிகள் அன்றும் என்னிடமே தங்கிவிட்டன.

பயிற்சி வகுப்புக்கு நான் வராததற்குக் காரணம் இதுதான். ஒரு மணி நேரம் எனக்குக் கொடுத்தால் நான் நன்றாகப் பேசிவிடுவேன். நீங்கள் கைதட்டுவீர்கள். ஆகையால் சிங்காரவேலு கேட்ட அளவில், அவர் கேட்ட வரிசையில், எழுதித் தருகிறேன். வகுப்பில் யாராவது உரக்க வாசித்தால் போதும்.

அந்தத் தேதியைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

சொன்னது என் தவறு.

சூளையடித் தெரு அஞ்சலை எங்களிடம் எதுவும் வாங்கவில்லை.